பித்தளை மிஞ்சும், பொறி மிஞ்சாது

2021-ஆம் ஆண்டில், பொழுதுபோக்காகத் துப்பாக்கி சுடும் அமெரிக்கர் பலருடைய வீட்டில் பித்தளைக் கூடுகள் வாளி வாளியாகக் கிடந்தன. உருக்கி வார்க்க ஈயம் இருந்தது. அலைந்து திரிந்தால் ஒரு டப்பா மருந்துப்பொடியும் அகப்பட்டது. இவ்வளவு இருந்தும் ஒரு தோட்டாவைச் செய்து முடிக்க முடியவில்லை. நாலரை மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு சின்ன உலோகக் கிண்ணம் கடையில் இல்லாததுதான் காரணம். அதன் பெயர் பிரைமர். கொரோனாவுக்கு முன் ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டி முப்பது டாலரையொட்டி விற்றது. அந்த ஆண்டில் கைமாற்று வியாபாரத்தில் நூறு டாலரைத் தாண்டியது.

சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டைப் பொறுக்கியெடுத்து, துலக்கி, மறுபடி நிரப்பிச் சுடுவது அமெரிக்காவில் நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கம். ‘ரீலோடிங்’ என்பார்கள். சொந்த உபயோகத்துக்குச் செய்ய அங்கே கூட்டரசின் உரிமம் வேண்டாம். விற்பதற்குச் செய்தால் வேண்டும். இந்தியாவிலோ 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வதே குற்றம். அமெரிக்க ரீலோடருக்கு இதில் சிக்கனம் பாதி, வீம்பு பாதி. விலை ஏறினாலும், கடை காலியானாலும், என் தோட்டாவை நானே செய்துகொள்வேன் என்ற வீம்பு அது. தொற்றுக்காலம் அதை உரசிப் பார்த்தது. ஒரு தோட்டாவில் எது கைவேலைக்கு அடங்கும், எது அடங்காது என்று பிரித்துக் காட்டியது. அந்தப் பிரிவினையின் காரணம் சந்தையில் மட்டும் இல்லை. உலோகவியலிலும் வேதியியலிலும் இருக்கிறது.

ஒரு மில்லிவினாடிக்குள்

தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு: முன்னால் போய்த் தைக்கும் குண்டு, அதைப் பிடித்திருக்கும் கூடு, கூட்டுக்குள் மருந்துப்பொடி, கூட்டின் அடியில் பிரைமர்.

விசையை அழுத்தியதும் ஊசி பிரைமரின் அடியைக் குத்துகிறது. உள்ளிருக்கும் அதிர்வுணர் கலவை நசுங்கிப் பற்றிக்கொள்கிறது. அதன் சுடர் சிறு துளை வழியே பாய்ந்து மருந்தைக் கொளுத்துகிறது. மருந்து வாயுவாகிறது, அழுத்தம் ஏறுகிறது. 9 மி.மீ. லூகர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 2,400 மடங்கு. அந்த அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. வாயு பின்பக்கமாகக் கசியாமல் அடைக்கிறது. குண்டு குழலைவிட்டு வெளியேறியதும் அழுத்தம் விழுகிறது. பித்தளை தன் மீள்தன்மையால் ஒரு நூலிழை சுருங்கி, சுவரைவிட்டு விலகி, வெளியே வந்துவிழத் தயாராகிறது. பற்றவைத்த பிறகு இத்தனையும் நடந்து முடிய ஏறக்குறைய ஒரு மில்லிவினாடி போதும்.

முடிந்தபின் மிஞ்சியிருப்பது என்ன? குண்டு போய்விட்டது. மருந்து புகையாயிற்று. பிரைமர் செத்துவிட்டது. கூடு மட்டும் ஏறக்குறைய முழுசாக இருக்கிறது. ரீலோடிங் என்ற பொழுதுபோக்கு முழுவதும் அந்த மிச்சத்தின்மேல் கட்டியது.

கை உணர்வதும் கணக்குச் சொல்வதும்

சிக்கனம் எல்லாத் தோட்டாவுக்கும் ஒன்றுபோல் இல்லை. 9 மி.மீ. உலகெங்கும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும் சரக்கு. சந்தை அமைதியாக இருக்கும் நாளில் வீட்டில் செய்து மிச்சம் பிடிப்பது சொற்பம். .44 ஸ்பெஷல், .45 கோல்ட் போன்ற பழைய ரிவால்வர் தோட்டாக்கள் கடையில் விலை அதிகம். அவற்றில்தான் லாபம் தெரியும். ஆனால் 9 மி.மீ. சுடுகிறவர்களும் மெனக்கெட்டு நிரப்புகிறார்கள். தங்கள் கைக்கும் துப்பாக்கிக்கும் ஏற்ற தோட்டா அவர்களுக்கு வேண்டும்.

கைத்துப்பாக்கிப் பிரியர்களின் தீராத வழக்கு 9 மி.மீ.-ஆ, .45 ஏ.சி.பி.-ஆ என்பது. முன்னது கியோர்க் லூகர் 1902-இல் வடித்தது. பின்னது ஜான் பிரவுனிங் உருவாக்கி, 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றது. வழக்கமான 9 மி.மீ. குண்டு 115 கிரெயின், அதாவது 7.45 கிராம்; வினாடிக்கு 360 மீட்டர் வேகம். .45 குண்டு 230 கிரெயின், 14.9 கிராம், வேகம் 259 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவது ஏறத்தாழ 483 ஜூல், இரண்டாவது 500 ஜூல். கிட்டத்தட்ட சமம். உந்தத்தைக் கணக்கிட்டால் முதலாவது 2.68, இரண்டாவது 3.86 கிலோகிராம்-மீட்டர்/வினாடி. நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். கையைப் பின்னால் தள்ளுவது உந்தம். .45 ‘தள்ளுகிறது’, 9 மி.மீ. ‘சுண்டுகிறது’ என்று பழகியவர்கள் சொல்வதில் துப்பாக்கியின் எடைக்கும் வடிவுக்கும் பங்குண்டு என்றாலும், அடித்தளம் இந்தக் கணக்குதான்.

போட்டி விதிகளும் உந்தத்தையே அளக்கின்றன. அமெரிக்காவின் யு.எஸ்.பி.எஸ்.ஏ. போட்டிகளில் குண்டின் எடையை கிரெயினிலும் வேகத்தை வினாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். வரும் எண்ணின் பெயர் ‘பவர் ஃபேக்டர்’. 125-ஐத் தொட்டால் ‘மைனர்’ பிரிவு, 165-ஐத் தொட்டால் ‘மேஜர்’. கடைத் தோட்டாக்கள் பல இந்தக் கோட்டைத் தாராளமாகத் தாண்டிச் செல்வன. தாண்டும் ஒவ்வொரு புள்ளியும் கைக்கு வீண் உதைப்பு. 147 கிரெயின் குண்டை 880 அடி வேகத்தில் அனுப்பினால் எண் 129. கோட்டுக்குச் சற்று மேலே போதுமான இடைவெளி. கனத்த குண்டு மெதுவாகப் போகிறது, அதற்குச் செலவாகும் மருந்தும் குறைவு. குழலிலிருந்து பீறிடும் வாயுவும் உதைப்பில் பங்கு வகிப்பதால், மருந்து குறைந்தால் உதைப்பும் குறையும். அடுத்த குறிக்குத் துப்பாக்கி சீக்கிரம் திரும்பிவரும். இந்தச் சின்ன ஆதாயத்துக்காக வேகமானியும் மில்லிகிராம் தராசுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இனி நான்கு உறுப்புகளையும் கைவேலைக்கு எட்டும் வரிசையில் பார்க்கலாம்.

குண்டு: கொல்லைப்புறத்து வார்ப்படம்

முழுக்கக் கையால் செய்ய முடிவது குண்டு ஒன்றே. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். கரண்டியும் அச்சும் இருந்தால் வார்க்கலாம். ஆனால் வெறும் ஈயம் மிக மென்மையானது. வேகம் ஏறினால் குழலின் வரிப்பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். அதை இறுக்க ஆன்டிமனியும், அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக நிரம்பத் தகரமும் (வெள்ளீயம்) சேர்ப்பார்கள். இந்தக் கலவை அச்சுத்தொழிலுக்கு நன்கு தெரிந்தது. லைனோடைப் எந்திரங்களின் எழுத்து உலோகம் ஏறத்தாழ 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். ஆஃப்செட் அச்சு வந்து அமெரிக்கச் செய்தித்தாள்கள் அந்த எந்திரங்களைக் கழித்துக்கட்டியபோது, எழுத்து உலோகத்தைக் குண்டு வார்ப்பவர்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

இன்னொரு மலிவான மூலம் கார் சக்கரத்தைச் சமன்செய்ய விளிம்பில் மாட்டும் ஈய எடைகள். டயர் கடைகளில் வாளிக்கணக்கில் கிடைத்துவந்தன. 2010 தொடங்கி கலிபோர்னியா ஈய எடைகளைத் தடைசெய்தது. வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. எஃகும் துத்தநாகமும் அந்த இடத்துக்கு வந்தன. தவறி ஒரு துத்தநாக எடை உருக்குச் சட்டியில் விழுந்தால் வார்ப்பே கெடும். வாளியைக் கொட்டிப் பொறுக்கிப் பிரிக்கும் வேலை கூடியது. 2013 டிசம்பரில் மிசௌரி மாநிலம் ஹெர்குலேனியத்தில் இருந்த, தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் அமெரிக்காவின் கடைசி உருக்காலை மூடப்பட்டது. ‘இனி குண்டுக்கே ஈயம் இராது’ என்று பீதி கிளம்பியது. ஒன்றும் ஆகவில்லை. அமெரிக்க ஈயத்தின் பெரும்பகுதி முன்னமே பழைய கார் பேட்டரிகளை உருக்கிப் பெறப்படுவதாக இருந்தது.

ஈயத்தின் நஞ்சு எங்கிருக்கிறது என்பதிலும் பலருக்குக் குழப்பம். ஈயம் 1,749 டிகிரியில்தான் கொதிக்கும்; வார்ப்புச் சூட்டில் அதன் ஆவி மிகக் குறைவு. உடம்புக்குள் போவது பெரும்பாலும் தூசி: சட்டியில் படியும் கசடு, கூடு துலக்கும் பீப்பாயிலிருந்து பறக்கும் பொடி, மூடிய சுடுகளத்தின் புகை. கைகழுவாமல் சாப்பிடுவதும், அதே உடையோடு குழந்தையைத் தூக்குவதும் உருக்குச் சட்டியைவிட ஆபத்தானவை.

கூடு: திரும்பி வரும் உலோகம்

தோட்டாக் கூட்டுப் பித்தளையில் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். இந்த விகிதத்தில் பித்தளை இழுத்தால் நீளும், அழுத்தினால் வளையும், விட்டால் ஓரளவு மீளும். அலுமினியக் கூடும் எஃகுக் கூடும் விலை குறைவு. ஆனால் மறுபடி மறுபடி விரிந்து சுருங்குவதில் பித்தளைக்கு ஈடில்லை.

சுட்ட கூடு சற்றே பெருத்திருக்கும். அதைக் கெட்டியான அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவது முதல் வேலை. கைத்துப்பாக்கித் தோட்டாக்களுக்கு டங்ஸ்டன் கார்பைடு வளையம் பதித்த அச்சுகள் வந்தபின் எண்ணெய் பூசாமலே அழுத்த முடிகிறது. ஆனால் விரிவதும் சுருங்குவதும் ஒவ்வொரு முறையும் உலோகத்தின் படிக அடுக்கைக் குலைத்து, அதைக் கடினமாக்கும். கடினம் ஏற ஏற வாய்ப்பகுதி நொறுங்கும் குணத்துக்குப் போய், ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும். அழுத்தம் குறைந்த .38 ஸ்பெஷல் (உச்சம் 17,000 பவுண்டு), .45 ஏ.சி.பி. (21,000) கூடுகள் மிகப் பலமுறை தாங்குவது இதனால்தான்.

பித்தளையின் இன்னொரு பலவீனத்தை உலகம் தெரிந்துகொண்டது இந்தியாவில். பிரிட்டிஷ் ராணுவம் இங்கே வைத்திருந்த தோட்டாக் கூடுகள், யாரும் சுடாமலே, மழைக்காலத்தில் கழுத்தில் விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் சேமித்தவையே அதிகம் பாழாயின. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு காரணத்தைத் துலக்கியது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, உற்பத்தியின்போதே உலோகத்தில் தங்கிவிட்ட இழுவிசையைப் பிடித்துக்கொண்டு அதைப் பிளந்தன. கூட்டைச் சூடாக்கிப் பதப்படுத்தி அந்த இழுவிசையைத் தளர்த்துவது தீர்வானது. அம்மோனியா கலந்த பாலிஷால் தோட்டாக் கூட்டைத் துலக்கக்கூடாது என்று இன்றைய ரீலோடிங் கையேடுகள் எச்சரிப்பது அந்த லாயங்களின் பாடம்.

ரிவால்வரா பிஸ்டலா என்ற பழைய சண்டையில் கூட்டுக்கும் ஒரு வாக்கு உண்டு. ரிவால்வர் சுட்ட கூட்டைத் தன்னிடமே வைத்திருக்கும். கவிழ்த்தால் உள்ளங்கையில் விழும். தானியங்கிப் பிஸ்டல் வலப்பக்கப் புல்லில் எறியும். பொறுக்குகிறவர் முதுகுதான் வளையும். இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. .38 ஸ்பெஷல் கூட்டுக்கு அடிவிளிம்பு உண்டு. அறைக்குள் அதை நிறுத்துவது அந்த விளிம்பு. ஆகவே வாயை உள்நோக்கி மடித்துக் குண்டை இறுக்கலாம். 9 மி.மீ., .45 ஏ.சி.பி. இரண்டிலும் கூட்டின் வாயே அறையின் முன்விளிம்பில் முட்டி நிற்கிறது. வாயை மடித்தால் நிற்க இடமில்லை. லேசாகச் சரித்து மட்டுமே இறுக்க வேண்டும்.

மருந்து: செய்ய முடியாது, தேர்ந்தெடுக்கலாம்

இங்கே கைவேலை நின்றுவிடுகிறது. ரீலோடர் மருந்தைத் தயாரிப்பதில்லை. தொழிற்சாலை தயாரித்த பலவகைகளில் ஒன்றைத் தேர்ந்து, வெளியிடப்பட்ட அட்டவணைப்படி அளந்து போடுவதோடு சரி.

பழைய கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக்கழிவாகவும் புகையாகவும் நின்றுவிடும். 1846-இல் கிறிஸ்டியான் ஷோன்பைன் பஞ்சை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியவைத்து நைட்ரோசெல்லுலோஸ் கண்டபோது, புகையில்லாத மருந்து வந்துவிட்டது என்று ஐரோப்பா கொண்டாடியது. அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் ஃபாவர்ஷாமில் அதைச் செய்த ஆலை வெடித்துச் சிதறியது. பஞ்சு நுண்துளைகள் நிறைந்தது. நெருப்பு ஒரே கணத்தில் உள்ளெல்லாம் புகுந்துவிடும். துப்பாக்கிக்கு வேண்டியது வெடிப்பு அல்ல, கட்டுப்பட்ட எரிப்பு. அதற்கு நாற்பதாண்டு பிடித்தது. 1884-இல் பிரெஞ்சு வேதியியலாளர் போல் வியேய், நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் குழைத்துத் துளையில்லாத கூழாக்கி, தகடாக்கி நறுக்கினார். இப்போது நெருப்பு மேற்பரப்பிலிருந்து அடுக்கடுக்காகத்தான் உள்ளே போக முடியும்.

ஆக, எரியும் வேகம் துணுக்கின் வடிவத்தில் பெரும்பங்கு அடங்கியது. ஒரே எடையுள்ள விறகில் கட்டை மெதுவாகவும் சுள்ளி சடசடவென்றும் எரிவது மேற்பரப்பு வித்தியாசத்தால். மருந்துத் துணுக்குக்கும் அதே நியாயம். கைத்துப்பாக்கிக் குழல் குட்டையானது. குண்டு வெளியேறுமுன் எரிந்து முடிய வேண்டுமென்பதால் மெல்லிய செதிலும் சிறு உருண்டையுமான வேகமருந்துகள் அதற்கு. நீளக் குழலுள்ள ரைஃபிளுக்குத் தடித்த குச்சிகள்.

வியேய் கண்ட இன்னொரு விதிதான் ரீலோடிங்கின் எச்சரிக்கைகளுக்கெல்லாம் வேர்: அழுத்தம் ஏறினால் மருந்து எரியும் வேகமும் ஏறும். வேகம் ஏறினால் அழுத்தம் இன்னும் ஏறும். ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் இது. 9 மி.மீ. கூட்டின் உள்ளிடம் மிகச் சிறியது. குண்டு ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே அமுங்கினாலும் இடம் சுருங்கி, தொடக்க அழுத்தம் கூடி, சுழல் எகிறிவிடும். மருந்தின் அளவு கூடவில்லை; ஆனாலும் துப்பாக்கி உடையலாம்.

.38 ஸ்பெஷலில் ஆபத்து எதிர்த்திசையிலிருந்து வரும். 1898-இல் பிறந்த அந்தத் தோட்டா கரிமருந்தின் பருமனுக்கு அளவெடுத்தது. இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். கவனக்குறைவாக இருமுறை கொட்டினாலும் வழியாது. கண்ணால் எட்டிப் பார்க்காதவருக்குத் தெரியாது. கொட்டவே மறந்தால், பிரைமரின் தனி வலிமையில் குண்டு குழலின் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும். சத்தம் மட்டுப்பட்டதை அலட்சியம் செய்து அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் பிதுங்கும் அல்லது பிளக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒவ்வொரு கூட்டையும் விளக்கடியில் பார்த்துவிட்டுக் குண்டு வைக்கிறார்கள். மணிக்கு நூற்றுக்கணக்கில் தள்ளும் பல்நிலை எந்திரத்தைவிட, ஒரு வேலை ஒரு தடவை என்ற எளிய நெம்புகோல் எந்திரத்தைத் தொடக்கக்காரருக்குப் பரிந்துரைப்பதும் இதற்காகவே.

பிரைமர்: கைக்கு எட்டாத பொறி

நான்கில் மிகச் சிறியதும் மிகக் கடினமானதும் பிரைமர்தான். அதன் வேலை முரணானது. லாரியில் குலுங்கினாலும், மேசையிலிருந்து விழுந்தாலும் சும்மா இருக்க வேண்டும். ஊசி குத்தினால் தவறாமல் பற்ற வேண்டும். 1800-இல் எட்வர்ட் ஹோவர்ட் விவரித்த பாதரச ஃபல்மினேட் இந்தக் கதையைத் தொடங்கியது. இன்று பெரும்பாலும் ஈய ஸ்டிஃப்னேட் சார்ந்த கலவை. ஆலையில் அதை ஈரமாக இருக்கும்போதே கையாளுவார்கள். காய்ந்துவிட்டால் உராய்வே போதும். மருந்துப்பொடி வெளியில் கொட்டிக் கிடந்தால் வேகமாக எரிவதோடு சரி. பிரைமர்கள் குவிந்து கிடந்தால் ஒன்று மற்றதைத் தூண்டி ஒரே நேரத்தில் வெடிக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வைக்கும் தட்டுகளில் விற்பது இதற்காக. வீட்டில் செய்து பார்க்கத் துணிபவரின் விரல்களுக்கு உத்தரவாதம் கிடையாது.

கூட்டை மறுபடி பயன்படுத்த முடிகிறதா என்பதையும் பிரைமரின் வடிவமே முடிவு செய்கிறது. 1866-இல் இரண்டு வடிவங்கள் பிறந்தன. அமெரிக்கரான ஹைரம் பெர்டான், ஊசி குத்தும்போது கலவை நசுங்குவதற்கான பட்டடையைக் கூட்டின் அடியிலேயே அமைத்து, பக்கத்தில் இரு சிறு துளைகள் வைத்தார். ஆங்கிலேயரான எட்வர்ட் பாக்ஸர் பட்டடையைப் பிரைமருக்குள்ளேயே வைத்து, கூட்டின் நடுவில் ஒரே துளை விட்டார். நடுத்துளை இருந்தால் உள்ளிருந்து ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய பிரைமரை ஒரே அழுத்தில் தள்ளிவிடலாம். இரட்டைத் துளையில் அது முடியாது. வேடிக்கை என்னவென்றால், பெர்டானின் வடிவம் ஐரோப்பாவுக்குப் போயிற்று, பாக்ஸரின் வடிவம் அமெரிக்காவில் நிலைத்தது. அமெரிக்காவில் ரீலோடிங் இவ்வளவு பரவியதற்கு ஓர் ஆங்கிலேயரின் நடுத்துளை பெரிய காரணம்.

தட்டுப்பாடு எந்த வரிசையில் வருகிறது

2019-இல் அமெரிக்கக் கூட்டரசு நடத்திய துப்பாக்கிப் பின்புலச் சோதனைகள் 2.84 கோடி. 2020-இல் 3.97 கோடி. ஒரு சோதனை ஒரு விற்பனைக்குச் சமமல்ல. ஆனாலும் திசை தெளிவு. புதிதாகத் துப்பாக்கி வாங்கிய ஒவ்வொருவருக்கும் தோட்டா வேண்டும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு பிரைமர் வேண்டும்.

அமெரிக்காவில் பெருமளவில் பிரைமர் செய்த பெயர்கள் நான்கே: ஐடஹோவின் லூயிஸ்டனில் சி.சி.ஐ., மினசோட்டாவின் அனோகாவில் ஃபெடரல், ஆர்கன்சாஸின் லோனோக்கில் ரெமிங்டன், பிறகு வின்செஸ்டர். தேவை உச்சத்துக்குப் போன 2020-இல் ரெமிங்டன் திவாலானது. ஏற்கெனவே சி.சி.ஐ.-யும் ஃபெடரலும் வைத்திருந்த விஸ்டா அவுட்டோர் அதன் தோட்டாத் தொழிலையும் வாங்கியது. 2024-இல் இந்த மூன்றும் சேர்ந்து செக் நாட்டின் செக்கோஸ்லோவாக் குரூப் கைக்குப் போயின. நான்கு பெயர்களுக்கு இப்போது உரிமையாளர்கள் இருவர். இந்த ஆலைகள் பிரைமரை முதலில் தங்கள் சொந்தத் தோட்டாவில் பொருத்தி விற்கும். மிஞ்சினால்தான் உதிரியாக வெளியே அனுப்பும். தட்டுப்பாட்டில் முதலில் வறள்வது ரீலோடரின் வாய்க்கால். புது ஆலை ஏன் முளைக்கவில்லை என்று கேட்பார்கள். அபாயகரமான, தனித்திறன் தேவைப்படும் ஆலையை எழுப்பச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் பீதி தணிந்து தேவை சரிந்திருக்கும். 2012 டிசம்பரில் நியூடவுன் பள்ளிப் படுகொலையை அடுத்துச் சட்டம் கடுமையாகும் என்ற அச்சத்தில் எழுந்த 2013-இன் வாங்கும் அலையும் அப்படித்தான் வந்து வடிந்தது.

பிரைமர் மெல்லத் திரும்பியபோது மருந்து மறையத் தொடங்கியது. இம்முறை காரணம் உக்ரைன் போர். 155 மி.மீ. பீரங்கிக் குண்டு ஒன்றை முழு வீச்சில் ஏவ வேண்டிய மருந்து பத்து கிலோவுக்குக் குறையாது. ஒரு 9 மி.மீ. தோட்டாவுக்கோ அரை கிராம்கூட வேண்டாம். எடைக்கு எடை பார்த்தால் ஒரு பீரங்கி முழக்கம் இருபத்தைந்தாயிரம் பிஸ்டல் தோட்டாக்களுக்குச் சமம். இரண்டுக்கும் அடிப்படைச் சரக்கு ஒன்றே: நைட்ரோசெல்லுலோஸ். அதன் மூலம் பருத்தி. பஞ்சு பிரித்தபின் பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குறும்பஞ்சு கிட்டத்தட்டக் கலப்பற்ற செல்லுலோஸ். மருந்துத் தொழில் விரும்புவது அதைத்தான். ஐரோப்பா அதைப் பெருமளவு சீனாவிடமிருந்து வாங்குகிறது என்பது போர் வந்த பிறகு அரசியல் கவலையாயிற்று.

நம் ஊருக்கும் இதில் ஒரு பழைய பாத்தியதை இருக்கிறது. நைட்ரோசெல்லுலோஸும் நைட்ரோகிளிசரினும் சேர்ந்த கார்டைட் மருந்தைப் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்குச் செய்ய 1903-இல் நிறுவப்பட்ட ஆலை நீலகிரியின் அருவங்காட்டில் இன்றும் இயங்குகிறது. கூடு அடிக்கவும் குண்டு வார்க்கவும் பட்டறைகள் எங்கும் இருக்கலாம். மருந்துக்கு ஒரு நாடே முன்வந்து ஆலை கட்ட வேண்டியிருக்கிறது.

சேமிப்பும் விவேகமும்

தட்டுப்பாட்டுக்கு அமெரிக்கச் சுடுநர்கள் கண்ட தீர்வு பதுக்கல். அதற்கும் எல்லை உண்டு. பல ஊர்களின் தீயணைப்பு விதிகளுக்கு அடிப்படையான நெறி, வீட்டில் பத்தாயிரம் பிரைமருக்கு மேலும், சாதாரணமாக இருபது பவுண்டு மருந்துக்கு மேலும் வைக்கலாகாது என்கிறது. கனத்த மரப்பெட்டி இருந்தால் மருந்துக்குச் சற்றுத் தளர்வு. மருந்து அதன் அசல் டப்பாவிலேயே இருக்க வேண்டும். அந்த டப்பா அழுத்தம் ஏறுமுன்னே விட்டுக்கொடுக்கும்படி செய்யப்பட்டது. கெட்டி இரும்புப் பெட்டிக்கு மாற்றினால் எரிப்பு வெடிப்பாகிவிடும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், எந்தத் துப்பாக்கி உயர்ந்தது என்ற வழக்கைவிட, எது எங்கே தீரும் என்ற அறிவு ரீலோடருக்கு அதிகம் உதவும். 9 மி.மீ., .38 ஸ்பெஷல் இரண்டும் சிறிய பிஸ்டல் பிரைமரையே கேட்பவை; .45 ஏ.சி.பி. வழக்கமாகப் பெரியதைக் கேட்கும். இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே பிரைமர், ஒரே மருந்து என்று அமைத்துக்கொண்டவர் தட்டுப்பாட்டில் குறைவாகத் தவித்தார். ரீலோடிங் வீட்டுக்குக் கொண்டுவருவது தோட்டாத் தொழிலின் உலோகப் பாதியை மட்டும். வேதியியல் பாதி விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகளிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர் விலை சாதாரணமாக இருக்கும் ஆண்டுகளில், தன் ஓராண்டுச் செலவுக்கு வேண்டிய பிரைமரை முதலில் வாங்குகிறார், மருந்தை அடுத்து வாங்குகிறார். பித்தளைக்கும் ஈயத்துக்கும் அவர் அவசரப்படுவதில்லை.